அபினிப் போரில் நம் சிப்பாயும் இருந்தான்!

சீனாக்காரனுக்கும் வெள்ளைக்காரனுக்கும் எப்போதோ நடந்த சண்டையில் எருமப்பட்டிக்காரனுக்கு என்ன வேலை? நம் ஜமாஅத்தில் சில பெரியவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கேட்டவர்களைப் பார்த்து முகம் சுளிக்காமல் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

விஷயம் இதுதான். நம் பகுதியில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, 1839 முதல் 1842 வரை நடந்த அபினிப் போரை ஓராள் நாடகமாக எழுதியிருக்கிறார். நாற்பது நிமிடம். மேடையில் அவர் ஒருவர்தான். அவரே சீன அதிகாரி, அவரே ஆங்கில வியாபாரி, அவரே அபினி புகைத்துச் சுருண்டு கிடப்பவன். நம் இளைஞர் நிகழ்ச்சியில் இதை நடத்தலாமா என்று கேட்டபோது நிர்வாகிகளிடையே கருத்து பிளந்தது. “ஹஜ்ரத், நீங்களே படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று பிரதியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

படித்தேன். என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாடகம் நடக்க வேண்டும். ஆனால் தம்பி எழுதியபடியே நடக்கக் கூடாது.

அவர் எழுதியதில் மேற்குலகம் அரக்கன், சீனா அப்பாவி. கைதட்டல் நிச்சயம் கிடைக்கும். ஏகாதிபத்தியத்தைத் திட்டினால் கைதட்டாதவன் நம் கூட்டத்தில் யார்? ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதியில் நாம் நிற்கிறோம். அதைத் தம்பி எழுதவில்லை. அவர் படித்த பாடப் புத்தகத்தில் அது இல்லாதது அவர் குற்றமல்ல.

நடந்தது என்ன?

கதை தெரியாத சகோதரர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்துக்காரனுக்குத் தேயிலை இல்லாமல் பொழுது விடியாது. அன்று தேயிலை கிடைத்தது சீனாவில் மட்டும். சீனாக்காரனோ இங்கிலாந்துச் சரக்கு எதையும் பெரிதாக வாங்கவில்லை, வெள்ளியைக் கொடு என்றான். கப்பல் கப்பலாக வெள்ளி போயிற்று. கணக்குப் போட்டுப் பார்த்த வெள்ளையன், சீனாவுக்குள் எதை விட்டால் அந்த வெள்ளி திரும்பி வரும் என்று யோசித்துக் கண்டுபிடித்த சரக்குதான் அபினி.

அபினி எங்கே விளைந்தது? இங்கிலாந்தில் அல்ல. பீகாரிலும் காசிப் பக்கத்திலும் மாளவத்திலும் விளைந்தது. பாட்னா, பனாரஸ் என்று இரண்டு அலுவலகங்களை வைத்துக் கிழக்கிந்தியக் கம்பெனியே அதை ஏகபோகமாக நடத்தியது. விவசாயிக்கு முன்பணம் கொடுப்பார்கள். விளைந்ததைக் கம்பெனி வைத்த விலைக்குக் கம்பெனிக்கே கொடுக்க வேண்டும். முன்பணம் வாங்கியவன் கழுத்தைத் திருப்ப முடியாது என்பதை நம் பக்கத்து விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காஸிப்பூரில் அந்த அபினித் தொழிற்சாலை இன்றும் இருக்கிறது. இப்போது மருந்துக்காக இந்திய அரசு நடத்துகிறது.

இதில் கம்பெனியின் தந்திரத்தைக் கவனியுங்கள். சீனாவில் அபினி தடை செய்யப்பட்ட சரக்கு. ஆகவே கம்பெனி தன் கப்பலில் ஏற்றாது! கல்கத்தாவில் ஏலம் விட்டுப் பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகு யார் வாங்கினார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்பது தனக்குத் தெரியாது என்று கையை விரித்துவிடும். கடத்திச் சென்றவர்கள் தனியார் வியாபாரிகள். அவர்களில் பெரியவர் வில்லியம் ஜார்டின். தொழிலால் அவர் ஒரு மருத்துவர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சீனப் பேரரசர் அனுப்பிய லின் ஸெசூ என்ற அதிகாரி 1839 மார்ச்சில் காண்டன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார். விலைக்கு வாங்க முடியாத மனிதர். வெள்ளை வியாபாரிகளை அவர்களுடைய கிடங்குகளிலேயே முடக்கி 20,283 பெட்டி அபினியைக் கைப்பற்றினார். ஆயிரம் டன்னுக்கு மேல். அதை அவர் எரித்தார் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். தம்பியின் பிரதியிலும் தீப்பந்தம் வருகிறது. உண்மையில் எரிக்கவில்லை. எரித்தால் மண்ணில் இறங்கும் கசிவைச் சுரண்டி எடுத்து மறுபடியும் விற்பார்கள். ஹூமன் கரையில் பெரிய குழிகள் வெட்டி, தண்ணீர் விட்டு, உப்பும் சுண்ணாம்பும் கொட்டிக் கரைத்துக் கடலில் விட்டார். மூன்று வாரத்துக்கு மேல் வேலை நடந்தது. இந்த அசுத்தத்தை உன்னில் கலக்கிறேனே என்று கடலிடம் மன்னிப்புக் கோரி முன்கூட்டியே சடங்கு செய்திருக்கிறார். அவருடைய நம்பிக்கை வேறு, நம் நம்பிக்கை வேறு. ஆனால் தன் ஊர்ச் சாக்கடைத் தண்ணீரை ஆற்றில் விடும்போது நம்மில் எவனுக்கு அந்தக் கூச்சம் வருகிறது?

விக்டோரியா மகாராணிக்கும் லின் ஒரு கடிதம் எழுதினார். உங்கள் நாட்டில் கூடாது என்கிற பொருளை எங்கள் நாட்டில் விற்பது என்ன நீதி என்பதே அதன் சாரம். மகாராணியின் கைக்கு அது போய்ச் சேரவில்லை. போனது போர்க்கப்பல்கள். போர் வேண்டாம் என்று சொன்னவர்கள் லண்டனிலும் இருந்தார்கள். பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டன் பாராளுமன்றத்தில் அந்தப் போரைக் கடுமையாகக் கண்டித்தார். 1840 ஏப்ரலில் அரசைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தபோது அரசு தப்பியது 271க்கு 262 என்ற கணக்கில். ஒன்பதே ஓட்டு! மேற்கு என்றால் எல்லோரும் ஒரே குரல் என்று மேடையில் காட்டினால் அந்த 262 பேருக்கு அநீதி.

நம்மவர் எங்கே?

இப்போது தம்பி எழுதாமல் விட்டவர்களுக்கு வருகிறேன்.

முதலாமவர் பம்பாய் வியாபாரி. மாளவ அபினி பம்பாய் வழியாகத்தான் போயிற்று. ஜார்டினின் பெரிய கூட்டாளி ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற பார்சி. பம்பாயில் ஜே.ஜே. மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சீனா தோற்று நான்கிங் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே 1842-ல் இங்கிலாந்து அவருக்கு ‘சர்’ பட்டம் கொடுத்தது. இந்தியர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. அவருடைய கூட்டாளிகளில் ஒருவர் மோதிசந்த் அமிசந்த், ஜைனர். இன்னொருவர் முஹம்மது அலி ரோகே, கொங்கணி முஸ்லிம். ஆம், கலிமா சொன்னவர்! பார்சி, ஜைனர், முஸ்லிம் என்று எல்லா மதத்தவரும் அந்தத் தராசைச் சுற்றி ஒற்றுமையாக நின்றார்கள். மதநல்லிணக்கத்துக்கு இப்படியும் ஒரு எடுத்துக்காட்டு!

இதை எழுதினால் எதிரிகள் எடுத்துப் பேச மாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. பேசட்டும். நாம் மறைத்ததை அவர்கள் தோண்டி எடுத்துப் பேசினால்தான் நமக்கு இழிவு.

இரண்டாமவன் சென்னைச் சிப்பாய். அந்தப் போரில் வெள்ளைப் பட்டாளம் மட்டும் போகவில்லை. சென்னை ராணுவத்தின் பல படைப்பிரிவுகள் கப்பலேறின. தமிழர், தெலுங்கர், முஸ்லிம் மூவரும் நிறைந்திருந்த ராணுவம் அது. திரும்பி வந்த படைப்பிரிவுகளுக்குச் சீனப் போரின் நினைவாக டிராகன் சின்னம் அளித்துப் பாராட்டினார்கள். சீனாக்காரனின் டிராகன் நம் சிப்பாயின் கொடியில்!

1841 மே மாதம் நடந்ததைக் கேளுங்கள். காண்டன் நகரத்துக்கு வெளியே வெள்ளையனின் படை முகாமிட்டிருந்தது. படையினர் ஊர்களுக்குள் புகுந்து கொள்ளையடித்தார்கள், கல்லறைகளைத் தோண்டினார்கள், பெண்களிடம் அத்துமீறினார்கள். கொதித்துப் போன சான்யுவான்லி கிராமத்தாரும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் மண்வெட்டி, ஈட்டி, கத்தி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். மே 30 அன்று இடி மின்னலோடு பேய்மழை கொட்டியது. 37-வது சென்னைக் காலாட்படையைச் சேர்ந்த சுமார் 60 சிப்பாய்கள் மழையில் வழி தவறிச் சேற்று வயலில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களிடம் இருந்தது சக்கிமுக்கிக் கல்லில் பொறி பறக்கும் பழைய துப்பாக்கி. மருந்து நனைந்துவிட்டது. சுட்டால் வெடிக்கவில்லை. நாலா பக்கமும் பார்த்துச் சதுரமாக நின்று துப்பாக்கிக் கத்தியாலேயே சமாளித்தார்கள். மழையிலும் சுடக்கூடிய புதிய வகைத் துப்பாக்கி வைத்திருந்த வெள்ளைக் கடற்படை வீரர்கள் இரவில் தேடி வந்து மீட்டார்கள்.

புதிய துப்பாக்கி வெள்ளையனுக்கு, பழைய துப்பாக்கி நம்மவனுக்கு. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த வயலில் தன் மண்ணுக்காக நின்றவன் சீன விவசாயி, கூலிக்காக நின்றவன் நம்மவன். சான்யுவான்லி இன்று சீனப் பிள்ளைகளின் வரலாற்றுப் பாடம். அங்கே நினைவுச் சின்னமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. சென்னையிலிருந்து போன சிப்பாயைத்தான் விரட்டினோம் என்பது அவர்களுடைய வரலாற்றில் இருக்கிறது. விரட்டப்பட்டவன் நம் வரலாற்றில் இல்லை!

வேலூர்ப் புரட்சியைப் பற்றி நாம் எத்தனை கூட்டம் போட்டிருக்கிறோம்! 1806 ஜூலை 10-ல் கிளர்ந்தெழுந்த அந்தச் சென்னைச் சிப்பாய்களைப் பற்றி ஒவ்வொரு ஆண்டும் பேசுகிறோம், பேச வேண்டும். ஆனால் 35 ஆண்டுகள் கழித்து அதே சென்னை ராணுவம் காண்டன் வயலில் யாருக்காக நின்றது என்று எந்த மேடையிலாவது பேசியிருக்கிறோமா? எதிர்த்து நின்ற சிப்பாய் நம் பாட்டன், அடங்கி நின்ற சிப்பாய் யாரோ என்று வரலாற்றைப் பங்கு பிரித்துக்கொள்ள முடியாது.

மூன்றாவதாக ஒருவரையும் சேர்க்கச் சொல்கிறேன். அவர் நம்மவர் அல்லர், ஆனால் என் தொழில்காரர். கார்ல் குட்ஸ்லாஃப் என்ற ஜெர்மானியப் பாதிரியார். சீன மொழி நன்றாக அறிந்தவர். ஜார்டினின் அபினிக் கப்பலில் மொழிபெயர்ப்பாளராகப் போனார். கப்பலின் ஒரு பக்கம் அபினிப் பெட்டி இறங்கும், மறுபக்கம் அவருடைய வேதப் பிரசுரங்கள் இறங்கும். கிறிஸ்தவ சகோதரர்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. அந்த வியாபாரத்தைக் கடைசி வரை எதிர்த்துப் போராடியவர்களிலும் பாதிரிமார்கள் உண்டு. பள்ளிவாசல் கட்ட ரசீதுப் புத்தகத்தோடு கடைவீதியில் இறங்கும்போது, இந்தக் கடையின் கல்லாவில் எது விற்ற காசு இருக்கிறது என்று கேட்டுவிட்டா நாம் ரசீது கிழிக்கிறோம்? என் போன்ற பேச்சாளர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய காட்சி அது.

ஏன் ஒரே ஆள்?

“இருபது பேர் சேர்ந்து நாடகமாகப் போடலாமே, ஒருத்தர் மட்டும் நின்று என்ன செய்வது?” என்று ஒரு நிர்வாகி கேட்டார். இருபது பேர் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? லின் வேடத்துக்குப் போட்டி நடக்கும். வெள்ளையன் வேடத்துக்குத் தொப்பி வைத்த ஒரு தடியன் வருவான். சிப்பாய் ஓரத்தில் ஈட்டி பிடித்து நிற்பான், அவனுக்கு வசனமே இருக்காது. ஒரே ஆள் நடித்தால் அந்த வசதி கிடையாது. எந்த வாய் லின் பேசியதோ அதே வாய்தான் ஜார்டினையும் பேச வேண்டும், ரோகேயையும் பேச வேண்டும், மழையில் நனைந்த சிப்பாயையும் பேச வேண்டும். பார்ப்பவனுக்கும் தப்பிக்க வழி இருக்காது.

இது நமக்குப் புதிதும் அல்ல. நம் கொங்குச் சீமையில் உடுக்கையை எடுத்துக்கொண்டு அண்ணன்மார் கதையை இரவிரவாகப் பாடுகிறவர் அண்ணனாகவும் பேசுவார், எதிரியாகவும் பேசுவார். தெற்கே வில்லுப்பாட்டு. நம் சமுதாயத்திலும் கிஸ்ஸாவும் படைப்போரும் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் இருந்தது. சீனாவிலும் பிங்ஷூ என்றொரு கலை உண்டு. ஒரு மேசை, ஒரு விசிறி, தட்டுவதற்கு ஒரு சிறு மரக்கட்டை. ஒரே ஆள் மொத்தப் போர்க்களத்தையும் சொல்லி முடித்துவிடுவார்.

வேடம் கட்டுவது மார்க்கத்துக்கு உகந்ததா என்ற கேள்வியும் வந்தது. நபிமார்களையும் சஹாபாக்களையும் வேடமிட்டுக் காட்டக் கூடாது என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. இங்கே வருவது லின்னும் ஜார்டினும். ஆபாசமில்லை, பெண் வேடமில்லை. அதோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். தம்பி ஆடை அலங்காரத்துக்குப் பணம் கேட்கிறார், அது தேவையில்லை. தோளில் ஒரு துண்டு போதும். தலையில் கட்டினால் சிப்பாய், முறுக்கிப் பின்னால் தொங்கவிட்டால் சீனன், உருட்டிக் கையில் வைத்தால் அபினி உருண்டை. மேசை மேல் ஒரு தராசு மட்டும் வாங்கி வையுங்கள்.

வியாபாரிகளுக்கு

இந்தப் பக்கத்தைப் புரட்டும் வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. கசகசா எந்தச் செடியின் விதை என்று மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். அபினிச் செடியின் விதைதான். விதையில் போதை இல்லை, அதனால் நம் வீட்டுக் குருமாவில் அரைக்கிறோம். ஆனால் வளைகுடா நாடுகளில் அந்தப் பொட்டலம் பெட்டியில் இருந்தாலே சிறை. துபாய்க்கும் சவூதிக்கும் பிள்ளையை அனுப்பும் தாய்மார்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ஜார்டினும் கூட்டாளிகளும் அன்று சொன்ன வாதம் என்ன? வாங்குகிறவன் விரும்பி வாங்குகிறான். நான் விற்காவிட்டால் அடுத்தவன் விற்பான். வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது. நம் கடைவீதியில் இந்த வசனத்தைக் கேட்டதில்லையா? தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-ல் தடை வந்தது. ஆனாலும் பெட்டிக்கடையில் சாக்லேட் டப்பாவுக்கு அடியிலிருந்து அது வருகிறது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்களைப் பற்றிப் பத்திரிகையில் அடிக்கடி படிக்கிறோம். சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தவனும் ஒரு வியாபாரிதானே? அவன் நம் தெருக்காரன் இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா?

அரசாங்கத்தையும் விட்டுவிட முடியாது. கம்பெனி ஆட்சிக்கு அபினி பெரிய வருமானம். அதனால்தான் அதன் கேடு எவ்வளவு எடுத்துச் சொல்லியும் ஆட்சியாளர்களின் காதில் ஏறவில்லை. 2003 முதல் தமிழக அரசே டாஸ்மாக் கடையில் உட்கார்ந்து சில்லறை ஊற்றிக் கொடுக்கிறது. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். எந்தக் கட்சி வந்தாலும் அந்தக் கல்லாவின் சாவியை மட்டும் பத்திரமாக வாங்கிக்கொள்கிறது. தம்பி இதை நாடகத்துக்குள் நுழைக்கத் தேவையில்லை. கல்கத்தா ஏலக்காரனை ஒழுங்காக நடித்துக் காட்டினாலே பார்ப்பவன் மீதியைத் தானே சேர்த்துக்கொள்வான்.

அப்படியானால் சீனாக்காரன் நல்லவனா?

இளைஞர்கள் இதைக் கேட்பார்கள், கேட்க வேண்டும். சின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்களை 2017-லிருந்து பெருந்தொகையாக முகாம்களில் அடைத்ததை உலகம் அறியும். அங்கு நடந்தவை மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக அமையக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகமே 2022 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. 1840-ல் அடிபட்டவன் என்பதற்காக 2017-ல் அடித்ததை நியாயப்படுத்த முடியாது. மேற்குலகம் இன்று உய்குர்களுக்காகப் பேசுகிறது என்பதற்காக அன்று அபினி விற்றது புண்ணியமாகிவிடாது. இரண்டையும் ஒரே வாயால் சொல்லத் தெம்பு இல்லாதவன் நீதியைப் பற்றிப் பேசக் கூடாது.

இன்னொன்றும் சொல்கிறேன். போரில் தோற்ற பழியைச் சுமத்தி லின்னைப் பேரரசர் பதவி நீக்கி நாடு கடத்தினார். எங்கே? அதே சின்ஜியாங்கின் இலி பகுதிக்கு! அபினியைக் கரைத்த மனிதர் அங்கே பாசன வேலைகளில் ஈடுபட்டார், தென்பகுதி வரை பயணம் செய்து நிலங்களை அளந்தார். இந்த ஒரு காட்சியைத் தம்பி எழுதினால் உய்குர் விஷயத்தைத் திணிக்காமலே மேடைக்குக் கொண்டுவரலாம்.

எருமப்பட்டிக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்ட பெரியவர்களுக்கு இப்போது வருகிறேன். சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கே வியாபாரம் செய்த தமிழர்கள் கோவில் கட்டி வைத்தது. இலங்கையில் காலி நகரில் 1911-ல் கிடைத்த கல், 1409-ம் ஆண்டு சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நாட்டியது. செங் ஹே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறது. அந்தக் கடல் வழியில்தான் பிறகு அபினிக் கப்பல் போயிற்று.

அவ்வளவு தூரம் போவானேன்? ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும் பாதையில் நடுவட்டம் இருக்கிறது. மைசூருக்குச் சரக்கு ஏற்றிப் போகும் நாமக்கல் லாரிக்காரர்களுக்கு அந்த வளைவுகளெல்லாம் பழக்கம். 1860-களில் அங்கே சீனக் கைதிகளை அடைத்து வைத்திருந்தார்கள். பினாங்கு, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வெள்ளையன் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள். கொயினா மருந்துக்கான சின்கோனாத் தோட்டத்தில் அவர்களை வேலை வாங்கினான். விடுதலையானவர்களில் சிலர் அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து பிள்ளை குட்டியோடு வாழ்ந்ததை எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளை அதிகாரி பதிவு செய்திருக்கிறார். சிப்பாயாக நாம் அங்கே போனோம், கைதியாக அவன் இங்கே வந்தான். இரண்டு கப்பலுக்கும் முதலாளி ஒருவனே.

கடைசிக் காட்சி பற்றி ஒரு திருத்தம். 1997 ஜூலை 1-ல் ஹாங்காங்கில் பிரிட்டிஷ் கொடி இறங்குவதோடு தம்பி முடிக்கிறார். வேண்டாம். 1842 ஆகஸ்ட் 29-ல் நான்கிங் ஒப்பந்தத்தோடு முடியுங்கள். இரண்டு கோடியே பத்து லட்சம் வெள்ளி டாலர் தண்டம், ஹாங்காங் தீவு, ஐந்து துறைமுகங்கள். அந்தப் பணத்தில் அறுபது லட்சம், லின் கரைத்த அபினிக்கு நஷ்டஈடு. இனி அபினி விற்கலாமா கூடாதா என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கிடையாது. அது சட்டப்படியான சரக்கானது 1858-ல். இடையில் பதினாறு ஆண்டுகள் கல்கத்தாவில் ஏலம் நடந்துகொண்டே இருந்தது. ஏலக்காரன் விலை கூறும் குரலோடு விளக்கை அணைத்துவிடுங்கள்.

மண்டபத்துக்குள் வேண்டாம், திடலில் வையுங்கள். இஷா தொழுகை முடிந்த பிறகு தொடங்கினால் கடை அடைத்துவிட்டு வருபவர்களும் பார்க்கலாம். மாற்று மதச் சகோதரர்களுக்கும் நேரில் போய் அழைப்புக் கொடுங்கள். முதல் இரண்டு வரிசை நாற்காலி வியாபாரிகளுக்கு.